கூறை மாற்ற ஒரு கரவன்

பழுதான பொருளைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போகத் தெரிந்தவர்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. சொட்டுகிற குழாய், ஆடுகிற கதிரை, நின்றுபோன மணிக்கூடு என்று எதைக் கண்டாலும் என் கை துருதுருக்கத் தொடங்கிவிடும். ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் அவர்களுடைய கதவுப் பிணைச்சலைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவேன். (சில வீடுகளில் இப்போது எனக்குத் தேநீரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.)

போதாததற்கு நான் ஒரு பௌதிகவியல் ஆசிரியை. கிழக்கு லண்டனில் ஒரு பாடசாலையில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு மின்சுற்று படிப்பிக்கிறேன். பலகையில் நான் கீறுகிற மின்சுற்று ஒருநாளும் பிழைத்ததில்லை. பற்றரி ஒரு பக்கம், மின்குமிழ் மறுபக்கம், நடுவில் ஒரு சுவிட்ச். அதில் துரு இருக்காது. ஈரம் இருக்காது. முக்கியமாக, அதற்கு முன்னைய சொந்தக்காரர் ஒருவர் இருக்கமாட்டார்.

என் கரவனுக்கு இருந்தார். எசெக்ஸ் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர். காரின் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற அந்தச் சிறிய வீட்டை அவர் பல வருடங்களாகத் தன் கையாலேயே திருத்தி வந்திருக்கிறார். "எல்லாம் நானே செய்தது" என்று அவர் பெருமையாகச் சொன்னபோது நான் அங்கிருந்து ஓடியிருக்க வேண்டும். எனக்கோ அவரைப் பார்க்க என்னையே பார்ப்பதுபோல இருந்தது. அந்த இடத்திலேயே வாங்கிவிட்டேன்.

என் கணவர் அன்ரன் நிலக்கீழ் ரயில் ஓட்டுபவர். நாள் முழுக்க இருட்டுக்குள் போய் வருவதாலோ என்னவோ, மிகவும் நிதானமான மனிதர். கரவனை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார்.

"இது எங்கடை கலியாணத்துக்கும் முந்தினது போலை கிடக்கு."

"பழசெண்டாலும் உறுதியானது."

"நீர் எதைச் சொல்லுறீர், கரவனையோ, கலியாணத்தையோ?"

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதன் வருத்தங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இடப்பக்கம் திரும்பச் சிக்னல் போட்டால் பின்பக்கத்து விளக்குகள் எல்லாம் ஒன்றாகக் கண்ணடித்தன. காரின் பிரேக்கை மிதித்தால் கரவனுக்குள் கட்டிலுக்கு மேலே இருந்த சின்ன விளக்கு மினுங்கியது. எல்லாவற்றையும் விட விசித்திரம், உள்ளே சமைக்கிற மூலையாக இருந்த குசினி. அங்கே குழாயைத் திறந்தால்தான் கூரை விளக்கு எரியும். மூடினால் அணைந்துவிடும். விளக்குக்கென்று இருந்த சுவிட்சைப் போட்டால் ஒன்றுமே நடக்காது. தண்ணீர் இறைக்கும் மோட்டருக்குப் போகிற வயரிலேயே அந்த மனிதர் விளக்கையும் முடிந்து வைத்திருந்தார். அதுவும் எல்லாமே ஒரே நிற வயர்.

சிக்னலையும் பிரேக்கையும் இரண்டு வார இறுதிகளில் திருத்திவிட்டேன். பூமிக்கம்பி பொருத்துகிற இடத்தில் துருப் பிடித்திருந்தது. அரத்தாளால் தேய்த்து இறுக்கினேன், சரியாகிவிட்டது. குழாய் விளக்கு மட்டும் பிடிகொடுக்கவில்லை. ஆனால் மூன்றில் இரண்டைத் திருத்திய மிதப்பு என் தலைக்கு ஏறியிருந்தது. அந்த நாட்களில் என் வாயில் 'ஒருக்கால் பாத்தால் போச்சு' என்பதைத் தவிர வேறு வசனம் வரவில்லை.

வால்தம்ஸ்டோவில் எங்கள் தெருவில் அந்தக் கரவன் இரண்டு கார் நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்குச் சொல்லப்போவதாக மிக மரியாதையாக அறிவித்தார். கடைசியில் எங்கள் கோவில் பாதர்தான் (நாங்கள் கத்தோலிக்கர். தேவாலயத்தைக் கோவில் என்றுதான் சொல்வோம்) கோவில் கார் பார்க்கின் பின்மூலையில், விருந்து மண்டபமான ஹோலுக்குப் பக்கத்தில் விடச் சொன்னார். நல்ல மனிதர். பின்னால் நடக்கப்போவது அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த மார்கழியில் அன்ரனின் அம்மா வீட்டில், அதாவது என் மாமி வீட்டில், ஒரு கூட்டம் நடந்தது. அன்ரனின் தங்கை ஜெனிற்றாவுக்குத் தை மாதம் கலியாணம். கோவிலில் வெள்ளைச் சேலையும், தலையில் வலைத்துணி முக்காடான நெற்றுமாகத் தாலி கட்டி முடிந்ததும், கூறைச் சேலைக்கு மாறிக்கொண்டு பக்கத்து ஹோலில் நடக்கும் வரவேற்புக்குப் பொம்பிளை வரவேண்டும். ஆனால் உடுப்பு மாற்றுவதற்கு ஹோலில் இருந்த ஒரே அறையின் கூரை ஒழுகி, அதைப் பூட்டிவிட்டார்கள். மாமி வீடு இருப்பது மனோர் பார்க்கில். சனிக்கிழமைப் பின்னேர நெரிசலில் அங்கே போய் மாற்றிக்கொண்டு திரும்பினால் விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்க நான் சொன்னேன். "கரவன் நிக்குதுதானே."

மாமி என்னைப் பார்த்தார். "அந்தப் பெட்டியோ?"

"மாமி, அதுக்குள்ளை ஆள் உயரக் கண்ணாடி இருக்கு. கதவு பூட்டலாம். ஹீற்றர் இருக்கு. படத்திலை நடிக்கிற ஆக்களுக்கு இப்பிடித்தானே குடுக்கிறவை."

"ஐயோ அண்ணி, செம ஐடியா" என்றாள் ஜெனிற்றா. "எனக்கெண்டு சொந்த ட்ரெய்லர்."

மாமி அசையவில்லை. "லைற் எரியுமோ?"

அன்ரன் தேநீர்க் கோப்பையிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார். "குழாயைத் திறந்தால் எரியும்."

"எரியும் மாமி" என்றேன் நான், அன்ரனின் காலை மேசைக்குக் கீழே மிதித்துக்கொண்டு. "நான் பொறுப்பு."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து வருடங்கள் போய்விட்டிருந்தன. மாமி என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதேபோல ஒருநாளும் 'நல்லாச் செய்தாய் பிள்ளை' என்று சொன்னதுமில்லை. என் கணவாய்க் கறியைச் சாப்பிட்டுவிட்டு, "கணவாய் நல்ல கணவாய்" என்று கணவாயைப் பாராட்டுகிற ஆள். இந்தக் கரவனால் அந்த ஒரு வசனத்தை வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

கலியாண நாள் விடியும்போதே மழை. விட்டுவிட்டு நாள் முழுக்கப் பெய்தது. கரவனின் கூரை விளக்கை நம்ப முடியாது என்பதால், மேசை விளக்கு ஒன்று, ஹீற்றர் ஒன்று, ஜெனிற்றாவின் தலைமயிருக்குச் சூடுபோடும் கருவி எல்லாவற்றுக்கும் வீட்டுக் கரண்ட் தேவைப்பட்டது. ஹோல் குசினி யன்னலூடாக ஒரு செம்மஞ்சள் நீட்டு வயரை வெளியே எடுத்தேன். நீளம் காணவில்லை. இன்னொன்றைக் கொழுவி, கரவனின் வாசல் வரை கொண்டுவந்து பொருத்தினேன். ஹீற்றர் சிவந்தது, விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு சின்ன ஹொட்டல் அறை மாதிரி இருந்தது. ஒரு படம் எடுத்து மாமிக்கு அனுப்பினேன். மாமி அதைப் பார்த்ததாக இரண்டு நீலச் சரி வந்தது. பதில் வரவில்லை.

இரண்டு மணிக்குப் பூசை தொடங்கியது. ஜெனிற்றா அழகாக வந்தாள். மாப்பிள்ளை நிரோஷன் வியர்த்துக்கொண்டு நின்றான். எங்கள் மகள் ஹன்னா, அப்போது ஆறு வயது, பூக்கூடையோடு முன்னால் நடந்து, பூவை எறிய மறந்து, கடைசிப் படியில் மொத்தமாகக் கொட்டினாள். முதலாம் வாசகம் தொடங்கியது. என் உடம்பு இரண்டாவது வரிசை வாங்கில் இருந்தது. மனம் கரவனுக்குள் இருந்தது. ஹீற்றர் எரிகிறதா? அதிகம் எரிகிறதா? திரைச்சீலைக்குக் கிட்ட வைத்துவிட்டேனா?

"ஒருக்கால் பாத்திட்டு வாறன்" என்று அன்ரனின் காதில் சொன்னேன்.

"என்னத்தை?"

"ஹீற்றரை."

"அது எங்கை ஓடப்போகுது? பேசாமல் இரும்."

இருக்க முடிந்தால் நான் ஏன் இந்தக் கட்டுரை எழுதுகிறேன்? பட்டுச்சேலைக்கு மேலே அன்ரனின் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு, குதி உயர்ந்த சப்பாத்தோடு பக்கக் கதவால் நழுவினேன். கார் பார்க்கைக் கடந்து, கரவனின் சின்னப் படியில் ஏறிக் கதவைத் திறந்தேன். அதுவரை சிவந்திருந்த ஹீற்றர் என் கண் முன்னாலேயே கறுத்தது. மேசை விளக்கும் அணைந்திருந்தது.

வந்தது நல்லது, இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஹோலுக்கும் கோவிலுக்கும் நடுவில் ஒரு ஒடுக்கமான நடைபாதை. அதன் சுவரில்தான் மின்சாரப் பெட்டி. எங்கேயாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்ச் அதில் இருக்கிறது. கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். விழுந்திருந்தது. தட்டி நிமிர்த்தினேன். நடைபாதை விளக்கு எரிந்தது. அந்த ஒரே சுவிட்ச்தான் ஹோலுக்கும் கோவிலுக்கும் பொது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

பிழை கண்டுபிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். எது போடும்போது சுவிட்ச் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. வருடா வருடம் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

கரவனுக்குத் திரும்பி, படியேறி, ஹீற்றரின் பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு விளக்கை மட்டும் போட்டேன். எரியவில்லை. பெட்டிக்கு ஓடினேன். சுவிட்ச் விழுந்திருந்தது. அப்படியானால் விளக்கில்தான் பிழை. நிமிர்த்தினேன், ஓடி வந்தேன், ஏறினேன், விளக்கைக் கழற்றிவிட்டு ஹீற்றரை மட்டும் போட்டேன். அதுவும் இல்லை. அப்படியானால் இரண்டிலும் பிழை. இரண்டையும் கழற்றினேன், ஓடினேன், நிமிர்த்தினேன், வந்தேன், ஏறினேன். சிறிய குளிர்ப்பெட்டி மட்டும் செத்துக்கிடந்தது. அதையும் கழற்றினேன். இப்போது கரவனுக்குள் ஒன்றுமே பொருத்தப்பட்டிருக்கவில்லை. அப்படியும் சுவிட்ச் விழுந்தது.

இந்த இடத்தில் சாதாரண மனிதர் யாராவது களைத்து உட்கார்ந்திருப்பார். நான் விஞ்ஞானம் படித்தவள். ஒரு பரிசோதனையை ஒருதரம் செய்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் செய்தேன்.

முதல் சில தடவை நடைபாதையில் நின்றபோது கோவில் பக்கமிருந்து மெல்லிதாகப் பாட்டுக் கேட்டது. பாடகர் குழு ஒரே பாட்டின் முதல் வரியைத் திரும்பத் திரும்பத் தொடங்கிக்கொண்டிருந்தது. பாவம், பயிற்சி காணாது என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே உள்ளே என்ன நடந்தது என்பதைப் பின்னர் அன்ரன் சொல்லித்தான் அறிந்தேன். மழை நாள் ஆனபடியால் மூன்று மணிக்கே கோவில் மங்கிவிட்டது. முதல் சில தடவையும் பாட்டுத் தொடங்கத் தொடங்க ஓர்கன் நின்றது. பிறகு ஒரு தடவை பாதர் பிரசங்கத்தில், "கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் வெளிச்சமாக" என்று சொல்லி வாய் மூடவில்லை, வெளிச்சம் போய்விட்டது. சனம் சிரித்தது. இன்னொரு தடவை, "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் முழுச் சம்மதத்தோடு வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டபோது இருட்டியது. இருட்டுக்குள்ளிருந்து நிரோஷனின் குரல் மட்டும், "ஓம்... ஓம், வந்திருக்கிறன்" என்று பயந்து பயந்து வந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவன் தாலி கட்டக் கையைக் கொண்டுபோனபோது மறுபடி இருட்டு. தட்டுத்தடவி முடிச்சுப் போட்டான். வெளிச்சம் வந்து பார்த்தால் தாலிக்கொடியோடு ஜெனிற்றாவின் நெற்றையும் சேர்த்து முடிந்திருந்தான்.

யாரும் ஏன் முதல் தடவையே எழுந்து வந்து பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். போன கரண்ட் உடனுக்குடன் திரும்பி வந்துகொண்டிருந்ததே. அவ்வளவு வேகமாக ஓடி ஓடி நிமிர்த்திக்கொண்டிருந்தேன். நான் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் அந்தக் கலியாணம் ஒழுங்காக நடந்திருக்கும்.

கடைசியில் பாதரே வந்தார். நான் நடைபாதைக்குள் நுழைந்த நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கைபேசி வெளிச்சம் வந்தது.

"ஆர் அது?"

"நான்தான் பாதர், ரெஜினா. பயப்பிடாதையுங்கோ, இந்தா போட்டு விடுறன்."

தட்டி நிமிர்த்தினேன். விளக்கு எரிந்தது. முழுப் பூசை உடுப்போடு பாதர் நின்றார். நான் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, ஒரு கையில் ஸ்குறூட்ரைவரோடு நின்றேன்.

"நீங்கள் இவ்வளவு நேரமும் இதைத்தான் செய்துகொண்டு நிக்கிறீங்களோ?"

"ஓம் பாதர். ஒருத்தருக்கும் இடைஞ்சல் வரக்கூடாதெண்டு விழ விழ ஓடிவந்து போடுறன்."

பாதர் என் கையிலிருந்த ஸ்குறூட்ரைவரைப் பார்த்தார். "அங்கையும் கரண்ட் நிக்குது" என்றார்.

"எங்கை பாதர்?"

"கோவிலிலை, பிள்ளை. கோவிலிலை."

பாட்டின் முதல் வரி ஏன் அத்தனை தரம் கேட்டது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஏசவும் இல்லை. "முதல்லை போய் அந்த வயரைக் கழட்டுங்கோ. கழட்டிப்போட்டு என்னோடை வாங்கோ. நான் ஏதோ கரண்ட் பிழை எண்டு சனத்துக்குச் சொல்லுறன்" என்றார். ஹோல் குசினிக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவருக்குப் பின்னால் போனேன். பரீட்சையில் பார்த்தெழுதிப் பிடிபட்ட பிள்ளையை அதிபர் கூட்டிக்கொண்டு போவதுபோல இருந்தது.

கோவிலுக்குள் நல்ல குசுகுசுப்பு. மாப்பிள்ளையின் பெரியம்மா, ஒலிவாங்கி தேவைப்படாத குரல்காரி, பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னது கடைசி வாங்கு வரை கேட்டது. "தாலி ஏறேக்கை லைற் நூந்தால் அது நல்லதுக்கில்லை." ஜெனிற்றா குனிந்த தலை நிமிரவில்லை. தோள் குலுங்கியது. எனக்கு நிலத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போகலாம் போல இருந்தது. 'நான்தான், பிளக்தான், வேறொன்றுமில்லை' என்று கத்த வாயைத் திறந்தேன்.

பாதர் ஒலிவாங்கிக்குப் போய்த் தொண்டையைச் செருமினார். அதற்குள் முன்வாங்கில் மாமி எழுந்துவிட்டார்.

மாமி சின்ன உருவம். நாலு பேருக்கு முன்னால் பேசியதை நான் கண்டதில்லை. சனத்தின் பக்கம் திரும்பி நின்று, சாதாரணமாகக் கதைக்கிற குரலில் சொன்னார்.

"இஞ்சை இருக்கிற கனபேருக்கு இவவின்ரை அப்பாவைத் தெரியும். வீட்டிலை ஆளில்லாத அறையிலை லைற் எரிய விடமாட்டார். ஆள் இருந்தாலும் விடமாட்டார். நான் சமைச்சுக்கொண்டு நிக்கேக்கை குசினி லைற்றை நூத்துப்போட்டுப் போற மனிசன். செத்து இரண்டு வருசமாச்சு. பெத்த மகளின்ரை கலியாணத்துக்கு வராமல் இருப்பாரே? வந்திருக்கிறார். பட்டப்பகலிலை ஏன் இவ்வளவு லைற் எண்டு நூக்கிறார். பிறகு நான் ஏசுவன் எண்டு போடுறார்."

மாமாவைத் தெரிந்த யாரோ ஒருவர் சிரித்தார். அது வாங்கு வாங்காகப் பரவியது. சிரித்தபடியே பலர் கண்ணைத் துடைத்தார்கள். அன்ரன் கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். ஜெனிற்றா நிமிர்ந்து மேலே விளக்குகளைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தாள். பெரியம்மாகூடக் கைலேஞ்சியை எடுத்தார்.

பாதர் ஒலிவாங்கிக்கு முன்னால் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஸ்குறூட்ரைவரைக் கோட்டுப் பைக்குள் மெல்ல இறக்கினேன்.

"சரி" என்றார் பாதர். "தொடருவம்."

அதன்பின் கரண்ட் போகவேயில்லை. சனம் அடிக்கடி அண்ணாந்து பார்த்தது. நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பும்போது மாமியும் ஒருதரம் மேலே பார்த்தார்.

நாலரை மணிக்கு நன்றாக இருட்டிவிட்டது. ஜெனிற்றாவைக் கரவனுக்குக் கூட்டிவந்தோம். கூறை உடுத்திவிடுவது மாமிதான். ஹீற்றர் இல்லை, மேசை விளக்கும் இல்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் நிற்பதுபோல இருந்தது. இருந்த ஒரே வழியை மாமியின் முகத்தைப் பார்க்காமல் செய்தேன். குசினிக் குழாயைத் திறந்து பிடித்தேன். கரவனின் சொந்தப் பற்றரியில் ஓடுகிற கூரை விளக்கு எரிந்தது.

இப்படித்தான் எங்கள் வீட்டு இளவரசி கூறை உடுத்தாள். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, தொட்டித் தண்ணீர் முடிந்து மோட்டர் வயசான ஆடு மாதிரிக் கனைக்க, மாமி வாயில் ஊசிகளைக் கவ்வியபடி கொசுவம் மடிக்க, ஜெனிற்றா பல் கிட்டித்து நடுங்கினாள். திடீரென்று கேட்டாள்.

"அண்ணி, நீங்கள் சயன்ஸ் ஆள்தானே. அப்பா வந்தது உண்மையாய் இருக்குமோ?"

நான் சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன். கையோடு குழாயும் மூடிக்கொண்டது. விளக்கு அணைந்தது.

"பாத்தீங்களே" என்றாள் ஜெனிற்றா இருட்டுக்குள், மிக மெதுவாக. "ஓம் எண்டுறார்."

ஊசிகளை வாயிலிருந்து எடுத்த மாமியின் குரல் கேட்டது, எந்தப் பதட்டமும் இல்லாமல்.

"குழாயைத் திற, பிள்ளை."

திறந்தேன்.

ஜெனிற்றாவை நிரோஷன் வந்து கைபிடித்துக் கூட்டிப்போனான். அவளுடைய சேலைக்கரை நனையாமல் இருக்க மாமி கைபேசி வெளிச்சத்தைப் படிக்கட்டில் பிடித்திருந்தார். அந்த வெளிச்சத்தில்தான் நான் கண்டேன். இரண்டு நீட்டு வயர்களும் ஒன்றோடொன்று கொழுவிய இடம், மழை படக்கூடாதென்று நான் படிக்குக் கீழே தள்ளி வைத்தது. மழைத்தண்ணீர் ஓடிவந்து சரியாக அங்கேதான் தேங்கியிருந்தது. படி கொஞ்சம் தொய்ந்த படி. ஆள் ஏறினால் கீழே அமரும். அமரும்போது அந்தப் பொருத்தைத் தண்ணீருக்குள் அமுக்கும். ஆள் ஏறும்போது சுவிட்ச் விழும்.

ஹீற்றரில் பிழையில்லை. விளக்கில் பிழையில்லை. குளிர்ப்பெட்டி அப்பாவி. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மாறாமல் இருந்தது ஒன்றுதான், படியில் ஏறிய நான். (அந்த ட்ரிப் சுவிட்ச் மட்டும் தன் கடமையைச் செய்யாமல் விட்டிருந்தால் நான் இன்று பாடம் படிப்பித்துக்கொண்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.)

மாமி வயரைப் பார்த்தார். அது ஓடிப்போய் ஏறுகிற ஹோல் யன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாமி" என்றேன். "கோவிலிலை லைற் நூந்தது என்னாலைதான். நான் இதிலை ஏற ஏறத்தான்..."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"ஈரக்கோட்டோடை ஸ்குறூட்ரைவரும் கையுமாய்ப் பாதருக்குப் பின்னாலை வாறாய். எனக்கென்ன கண் தெரியாதே?"

"அப்ப, தெரிஞ்சுகொண்டோ மாமா வந்தார் எண்டு சொன்னனீங்கள்?"

மாமி கைபேசி வெளிச்சத்தை அணைத்துக் கைப்பைக்குள் வைத்தார். "நீ காலை வைச்சாய், லைற் நூந்தது. அது எனக்கு விளங்குது. அதுக்குப் படிப்புத் தேவையில்லை. ஆனால் சொந்த மச்சாளின்ரை கலியாணப் பூசையிலை, பட்டுச்சேலையோடை, இந்த மழைக்குள்ளை, உன்னை எழுப்பி அனுப்பினது ஆர்?"

நான் பட்டதாரி. ஆசிரியப் பயிற்சியும் பெற்றவள். குனிந்து அந்தப் படியைப் பார்த்தேன்.

"வா, சனம் பாத்துக்கொண்டிருக்கும்" என்றார் மாமி. இரண்டடி போனவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "கண்ணாடி நல்ல கண்ணாடி."

அந்தக் கோடையிலேயே கரவனை விற்றுவிட்டோம். வாங்க வந்தவரிடம் குழாய் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கண்கள் மின்ன, "ஒருக்கால் பார்த்தால் சரிப்பண்ணலாம்" என்றார். அவருடைய மனைவிக்காக மனதுக்குள் செபித்துக்கொண்டேன். ஜெனிற்றாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். கலியாண அல்பத்தில் அவளுடைய தாலியும் நெற்றும் ஒன்றாய் முடிந்திருக்கிற படத்தைத்தான் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறாள். பாதர் எந்தக் கலியாணப் பூசையைத் தொடங்கும்போதும் முதலில் நான் எந்த வாங்கில் இருக்கிறேன் என்று தேடுவார். என்னைக் கண்ட பிறகுதான் சிலுவை அடையாளம்.

வீட்டில் எது பிழைத்தாலும் இப்போது காரணம் மாமாதான். ஹன்னாவுக்கு அவர் அப்பப்பா. நான் சோற்றைக் கரியவிட்டால், "உம்மடை மாமா வந்து கதை குடுத்திருப்பார்" என்கிறார் அன்ரன். அவர் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு மோட்டர்வேயில் வெகுதூரம் போய்விட்டால், "அப்பா அந்தப் பக்கம் ஆரையோ பாக்கவேணும் எண்டார்" என்பார். இப்போது எங்களோடு இருக்கிற மாமி இதற்கெல்லாம் சிரிப்பதில்லை. கோபிப்பதும் இல்லை. ஓம் ஓம் என்று தலையாட்டுவார், கேட்டுத் தெரிந்துகொண்டவர் போல.

போன கிழமை ஹன்னா பௌதிகவியல் பரீட்சைத்தாளோடு வந்தாள். மின்சுற்றுப் பகுதி. என் பாடம், என் மகள். முழுத்தாளும் சிவப்பு. தாளை மேசையில் விரித்துவைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆசிரியைக் குரலில் தொடங்கினேன்.

"என்ன ஹன்னா இது? ஒவ்வொரு கேள்விக்கும் இப்பிடி எழுதியிருக்கிறாய்?"

அவள் கதிரையில் ஆடிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

"எழுதினது நான்தான் அம்மா. எழுதப் பண்ணினது அப்பப்பா."

பக்கத்து அறையிலிருந்து மாமியின் குரல் வந்தது. "பிள்ளையை ஏசாதை. அந்த மனிசனுக்குக் கணக்கும் வராது."